கட்டுப்பெட்டிகளுக்கு ஒரு சங்கமா?

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாளையங்கோட்டையிலிருந்து மதினி போன் செய்தார். அண்ணன் மகன் மேற்படிப்புக்காக இங்கிலாந்து போய் அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"தம்பி, அவன் அங்க ஏதோ கன்சர்வேடிவ் கிளப்புல சேந்திருக்கானாம். குடிச்சிக் கிடிச்சிக் கெட்டுப் போயிருவானோன்னு நான் பயந்துக்கிட்டுக் கெடந்தேன். பரவாயில்ல, அடக்க ஒடுக்கமான பிள்ளைகளாப் பாத்துத்தான் சேந்திருக்கான்."

குரலில் அவ்வளவு நிம்மதி. அந்தச் சங்கத்து வாரக் கூட்டத்தில் ஆளுக்கொரு கோப்பை போர்ட் ஒயினைக் கையில் வைத்துக்கொண்டுதான் விவாதம் நடக்கும் என்று அவன் எனக்குத் தனியாகச் சொல்லியிருந்தான். அதை மதினியிடம் நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மதினி மேல் தப்பில்லை. "அவங்க வீடு ரொம்ப கன்சர்வேடிவ்" என்று தரகர் சொன்னால் நம் ஊரில் என்ன அர்த்தம்? பெண் பொழுது சாய்ந்தபின் வெளியே வராது, மாப்பிள்ளை மீசையை முறுக்க மாட்டார், வீட்டில் முட்டை வேகாது. இதற்குத் தமிழில் கட்டுப்பெட்டி என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. அதையே அரசியல் மேடையில் பழமைவாதி என்பார்கள். கொஞ்சம் கோபம் சேர்ந்தால் பிற்போக்குவாதி. எல்லாமே அடுத்தவரைத் திட்டப் பயன்படும் சொற்கள். ஒருவர் தன்னைத்தானே அப்படிச் சொல்லிக்கொண்டு, சந்தா கட்டி, உறுப்பினர் அட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வார் என்பது நமக்கு உடனே பிடிபடாது.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே கன்சர்வேடிவ் என்பது ஒரு கட்சியின் பெயர். 1830களில் அந்தப் பெயர் நிலைத்தது. அதற்கு முன் அவர்களை டோரிகள் என்றார்கள். இன்றும் பேச்சுவழக்கில் அப்படித்தான். சர்ச்சிலும் தாட்சரும் அந்தக் கட்சிக்காரர்கள். 2022 முதல் 2024 வரை பிரதமராக இருந்த, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ரிஷி சுனக்கும் அந்தக் கட்சிதான். ஆகவே அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கன்சர்வேடிவ் மாணவர் சங்கம் என்றால், முதல் அர்த்தம் அந்தக் கட்சியை ஆதரிக்கும் மாணவர்கள் கூடும் இடம், அவ்வளவுதான். பக்கத்திலேயே லேபர் கட்சிக்கு ஒன்று, லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு ஒன்று என்று இருக்கும்.

படிப்பு தொடங்கும் வாரத்தில் பெரிய மண்டபத்தில் சந்தை மாதிரி மேசை போட்டுப் பிள்ளைகளைக் கூவி அழைப்பார்கள். படகு ஓட்டுகிறவர்களுக்கு ஒரு மேசை, சதுரங்கத்துக்கு ஒன்று, பாலாடைக்கட்டி ருசிப்பவர்களுக்குக்கூட ஒன்று இருக்கும். அந்த வரிசையில் கட்சிச் சங்கங்களும் உட்கார்ந்திருக்கும். நம் பையன் கிரிக்கெட், சினிமா, கன்சர்வேடிவ் என்று மூன்றில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அரசியல் சங்கத்துக்காரர்கள் அவனைப் பிடித்து வைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் பிரிட்டனில் முறைப்படி தங்கியிருந்தால் அந்நாட்டு நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். பாளையங்கோட்டைப் பையனுக்கும் அங்கே ஒரு ஓட்டு இருக்கிறது. அவனுக்கே இது மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் தெரியுமாம்.

சேர்ந்தபின் என்ன வேலை? வாரம் ஒரு விவாதம். அவ்வப்போது ஒரு எம்.பி. வந்து பேசுவார். தேர்தல் நேரத்தில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டித் துண்டறிக்கை கொடுக்க வேண்டும், மழையில் நனைந்துகொண்டு. அப்புறம் சங்கத்துக்குள்ளேயே நடக்கும் தேர்தல். உண்மையான ருசி அதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 1924ல் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக கன்சர்வேடிவ் சங்கத்தில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தலைவர். வருஷத்துக்கு மூன்று பருவம், மூன்று தலைவர்கள். நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் இப்படி இருந்தால் எத்தனை தகராறு வரும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கேயும் வருகிறது. 2009ல் அந்தச் சங்கத்துத் தேர்தல் பிரசாரக் கூட்டத்தில் இனவெறி நகைச்சுவை பேசப்பட்டதால் பல்கலைக்கழகம் அதன் அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது.

அந்தச் சங்கத்துக்கு 1946ல் தலைவரானவர் மார்கரெட் ராபர்ட்ஸ் என்ற வேதியியல் மாணவி, மளிகைக் கடைக்காரர் மகள். ஆக்ஸ்ஃபோர்டில் அரசியல் ஆசை உள்ளவர்கள் பெயரெடுக்க நினைக்கும் இடம் ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் என்ற புகழ்பெற்ற விவாத மன்றம். ஆனால் 1963 வரை அங்கே பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்குத் திறந்திருந்த கதவு கட்சிச் சங்கம்தான். கட்டுப்பெட்டிகள் என்று பேர் வாங்கியவர்களின் கதவு! 33 வருஷம் கழித்து, 1979ல், அவர் மார்கரெட் தாட்சர் என்ற பெயரில் பிரதமரானார். அவருக்கு முன்பு 1970ல் பிரதமரான எட்வர்ட் ஹீத்தும் 1937ல் இதே சங்கத்துத் தலைவராக இருந்தவர்தான். ஆகவே இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. அதற்காகக் கட்சிக்கு அடங்கிய பிள்ளைகள் என்றும் நினைத்துவிடக் கூடாது. நாடு முழுக்க இருந்த கன்சர்வேடிவ் மாணவர் கூட்டமைப்பு, கட்சியைவிடத் தீவிரமாகப் போய்விட்டது என்று 1986ல் கட்சித் தலைமையே அதை இழுத்து மூடியது. பெரியவர்கள் நிதானமாக இருக்கச் சொல்லும் ஒரு கொள்கையை இருபது வயசில் பிடித்துக்கொண்டால் அது எப்படி நிதானமாக இருக்கும்?

சரி, கட்சி இருக்கட்டும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் என்ன?

இதைக் கேட்டால் எல்லாரும் எட்மண்ட் பர்க்கிடம்தான் கொண்டு போய் விடுவார்கள். டப்ளினில் பிறந்து லண்டனில் எம்.பி. ஆனவர். பழமைவாதத்தின் மூலவர் என்று சொல்லப்பட்டாலும் டோரிக் கட்சியில் இருந்ததில்லை. எதிர்முகாமான விக் கட்சிக்காரர். அமெரிக்கக் குடியேற்றங்களின் குறைகளில் நியாயம் இருக்கிறது என்று வாதாடியவர். ஆனால் பிரெஞ்சுப் புரட்சி வந்தபோது, 1790ல், அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். ஒரு சமூகத்தை வெள்ளைத் தாளில் புதிதாக வரைந்துவிட முடியாது, அது இறந்தவர்களும் இருப்பவர்களும் இனிப் பிறக்கப் போகிறவர்களும் சேர்ந்து நடத்தும் கூட்டு என்பது அவர் வாதம். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்: தன்னைத் திருத்திக்கொள்ள வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் வழி கிடையாது. பர்க் பெயரைச் சொல்லுகிறவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டாவதை விட்டுவிடுவார்கள்.

இதையெல்லாம் பையனுக்கு போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். கொட்டாவி விடும் சத்தம் கேட்டது. அப்போதுதான் 1785 ஞாபகம் வந்தது.

பிரெஞ்சுப் புரட்சிக்கு நான்கு வருஷம் முன்னால், 1785 பிப்ரவரியில், பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்காடு நவாபின் கடன்களைப் பற்றி நீண்ட உரை ஒன்று நிகழ்த்தினார். நவாப் முகமது அலிக்குக் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் கண்டபடி கடன் கொடுத்து, வட்டிக்கு வட்டி ஏற்றி, அதைக் கர்நாடகத்துக் குடியானவர்களின் வரியிலிருந்து உறிஞ்சிக்கொண்டிருந்த காலம் அது. கர்நாடகம் என்றால் அன்றைக்கு இந்தத் தமிழ்ச் சீமை. திருநெல்வேலியும் நவாபின் வரி எல்லைக்குள்தான் இருந்தது. பாளையக்காரர்களோடு நடந்த சண்டையெல்லாம் அந்த வரிக்காகத்தான். அந்த உரையின் நடுவே பர்க் நம் குளங்களைப் பற்றிப் பேசுகிறார். மண்ணும் கல்லும் போட்ட கரை, கட்டுமான மடைகள், அதைப் பராமரிக்க ஆகும் செலவு எல்லாம் சொல்லுகிறார். சென்னையை ஒட்டிய சீமையின் வரைபடத்தை வைத்துத் தானே உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததில் 1,100க்கு மேல் குளங்கள் இருந்ததாகவும், கர்நாடகமும் தஞ்சையும் சேர்த்தால் பெரிதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாது என்றும் சொல்லுகிறார். இவற்றை வெட்டியவர்கள்தான் உண்மையான அரசர்கள், பின்னால் வரப்போகும் தலைமுறையைத் தன் பிள்ளையாகவே நினைத்து உயில் எழுதி வைத்தவர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். தமிழ்நாட்டுப் பக்கமே வராத மனிதர், நம் குளத்துக் கரையை லண்டனில் நின்று புகழ்ந்திருக்கிறார். கொட்டாவி நின்றுவிட்டது.

பழமைவாதத்தைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஒரு குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டியவர் யாரென்று தெரியாது. நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வருஷாவருஷம் தூர்வாரி, கரையில் மண் போட்டு, மடையை அடைத்துத் திறந்து பார்த்துக்கொண்டால் நம் பேரனுக்குப் போய்ச் சேரும். குடிமராமத்து என்று இதற்கு ஒரு முறையே இருந்தது. தண்ணீர் பாயும் வயல்காரர்கள் ஆள் அனுப்பி வேலை செய்ய வேண்டும். அரசாங்கம் வந்து செய்யட்டும் என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பழமைவாதி அரசாங்கத்தைவிடக் குடும்பம், கோயில், சர்ச், ஊர்க்கூட்டம் மாதிரியான சின்ன அமைப்புகளை அதிகம் நம்புவதன் காரணமும் இதுதான்: குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்குத்தான் கரையில் எங்கே ஓட்டை என்று தெரியும்.

இப்போது மறுகாலைப் பாருங்கள். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி. நாலைந்து வருஷம் மழை பொய்த்தால் மறுகால் பாயாது. ஓடை காய்ந்து கருவேலம் முளைத்துக் கிடக்கும். படித்த ஆள் ஒருவர் வந்து, "இது என்ன வீண் இடம், கடை கட்டினால் வாடகை வருமே" என்பார். கணக்குப் போட்டால் சரியாகத்தான் இருக்கும். பழமைவாதியின் பதில் ஒரே கேள்வி: இதை எதற்கு வெட்டினார்கள் என்று தெரியுமா? தெரியாது என்றால் கைவைக்காதே. தெரிந்துகொண்டு வா, அப்புறம் இடிக்கலாமா என்று பேசுவோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மழைக்கு எந்தக் கரையும் தாங்காது என்பது வேறு விஷயம். ஆனாலும் ஓடை இருந்த இடத்தில் வீடு கட்டியவர்களைத் தேடி ஓடை வந்தது.

அமெரிக்காவில் இதே சொல்லுக்கு வேறு நிறம். அங்கே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1892லேயே குடியரசுக் கட்சி மாணவர் சங்கம் தொடங்கிவிட்டது. 1960 செப்டம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் ஷாரன் என்ற ஊரில், பத்திரிகையாளர் வில்லியம் பக்லியின் வீட்டில், ஏறக்குறைய நூறு இளைஞர்கள் கூடி ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டார்கள். அரசாங்கம் சின்னதாக இருக்க வேண்டும், சந்தை சுதந்திரமாக இருக்க வேண்டும், கம்யூனிசத்தை வெல்ல வேண்டும் என்பது அதன் சாரம். இதில் குளமும் கரையும் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நியாயம்தான். சந்தையைப் போலப் பழசைப் புரட்டிப் போடும் சாமான் உலகத்தில் வேறு இல்லை. அமெரிக்கர்கள் காக்க நினைப்பது 1776ல் சுதந்திரப் பிரகடனமாகவும் 1787ல் அரசியல் சட்டமாகவும் அவர்களுடைய முன்னோர் எழுதி வைத்த சுதந்திரத்தை. காக்கும் பொருள் ஊருக்கு ஊர் மாறும். அதனால் ஒரு பழமைவாத மாணவர் சங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டால் முதலில் கேட்க வேண்டியது, எதைக் காக்கிறீர்கள் என்பதைத்தான்.

இந்தக் கேள்வியை நம் ஊருக்குக் கொண்டுவந்தால்தான் சிக்கல்.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு கட்சியே இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. 1959ல் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி கிட்டத்தட்ட அதுதான். லைசென்ஸ், பெர்மிட், கோட்டா என்று எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தின் வாசலில் நிற்க வைக்கிறார்கள் என்று எதிர்த்த கட்சி. சின்னம் நட்சத்திரம். 1967ல் திமுக கூட்டணியில் நின்று திருநெல்வேலி மக்களவைத் தொகுதியையே ஜெயித்தது. அடுத்த தேர்தலில், 1971ல், அதே தொகுதி இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனது. நட்சத்திரத்திலிருந்து கதிர் அரிவாளுக்கு நாலே வருஷம்! கொள்கை பார்த்து ஓட்டு விழுகிறது என்று நம்புகிறவர்கள் இந்தத் தொகுதியைக் கொஞ்சம் ஆராயலாம். 1974ல் சுதந்திராக் கட்சி வேறொன்றில் கரைந்துவிட்டது. அகில இந்திய அளவில் 1949 முதல் இயங்கும் ஏபிவிபியைச் சிலர் பழமைவாத மாணவர் அமைப்பு என்பார்கள். அது ஆர்எஸ்எஸ் குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் அச்சாணி தேசியம். மரபைப் போற்றுவதில் ஒற்றுமை உண்டு. ஆனால் பெரிய திட்டங்களைக் கண்டால் சந்தேகப்படும் பர்க்கின் குணம் வேறு.

இங்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1965ல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தது எதற்காக? தங்களிடம் இருந்த ஒன்றைப் பறிகொடுக்காமல் இருக்க. நேர்ப்பொருளில் பார்த்தால் அது காக்கும் அரசியல்தான். ஆனால் அதில் நின்றவர்கள் தங்களை முற்போக்கு என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். மொழியைக் காக்கும் வேலையை அவர்கள் எடுத்துக்கொண்டபின், பழமைவாதி என்ற பெயருக்கு இங்கே மிச்சம் என்ன இருந்தது? சாதியும் சடங்கும். அதனால்தான் அந்தச் சொல் வசவாக நின்றுவிட்டது என்பது என் கணக்கு.

அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலோ ஒரு மேசை போட்டு இப்படி ஒரு சங்கத்துக்கு ஆள் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். தாமிரபரணிக் கால்வாய்களைக் காப்போம் என்றால் வரிசை நீளும். அடுத்து ஒரு பையன் கையை நீட்டுவான். மணிக்கட்டில் ஒரு நிறக் கயிறு இருக்கும். "இதுவும் எங்க பரம்பரை அடையாளம்தான் சார், இதையும் காப்பீங்களா?"

இது கற்பனையான கேள்வி இல்லை. எந்த நிறம் எந்தச் சாதி என்று நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான்; வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு போன்ற அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்யலாம் என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. நெற்றியில் இடுவது சமய மரபு, அதில் கைவைக்காதே என்று எதிர்ப்பும் வந்தது. கயிற்றை அறுக்கலாம், திருநீற்றை விடலாமா? எங்கே கோடு கிழிப்பது? ஒழுங்கான ஒரு மாணவர் சங்கம் இருந்தால் இதை வைத்தே மூன்று வாரம் பேசலாம்.

நூறு வருஷம் முன்னாலும் இதே மண்ணில் இதே பிரச்சினைதான். 1922ல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய சேரன்மகாதேவி குருகுலம் தேசியக் கல்விக்காக வந்தது. மரபும் புதுமையும் சேர்ந்த பள்ளி. அங்கே பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி என்று தெரிந்ததும் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கிளப்பிய கேள்வி தமிழ்நாட்டு அரசியலையே இரண்டாக்கியது. தனிப்பந்தி பழைய வழக்கம்தானே என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் பர்க்கின் இரண்டாவது பாதியை மறக்காத பழமைவாதி அப்படிச் சொல்ல மாட்டார். அதற்கும் சாட்சி உண்டு. 1939ல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துப் போனபோது, அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தவர் அப்போது சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி. கோயிலைக் காக்க வேண்டுமானால் கதவைத் திற என்ற கணக்கு. அதே ராஜாஜிதான் அதற்கு முந்தைய வருஷம் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போன மாதம் பையனிடமிருந்து போன். அவர்கள் சங்கத்தில் பர்க்கின் குளங்களைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினானாம். மறுகால் கதையையும் எடுத்துவிட்டிருக்கிறான். நல்ல கைதட்டல். அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "அந்தக் குளத்தில் எல்லாரும் தண்ணீர் எடுத்தார்களா?" என்று கேட்டிருக்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிட்டானாம். ராத்திரி தூக்கம் வரவில்லை.

"சித்தப்பா, ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்."

ஆச்சிக்கு 86 வயசு. வெற்றிலையை இடித்துக்கொண்டே பதில் சொன்னாள். "எல்லாரும்தாம்ல எடுத்தாவ." கொஞ்ச நேரம் இடிக்கும் சத்தம் மட்டும். "நமக்கு மேலப் படித்துறை. அவியளுக்குக் கீழ, மாடு குளிப்பாட்டுற பக்கம். அங்கன படி கெடையாது, சேறுதான். பின்னாடிதான் படி கட்டுனாவ."

அதை அப்படியே குரல்பதிவாக அவனுக்கு அனுப்பினேன். அடுத்த கூட்டத்தில் இதைத்தான் முதலில் சொல்லப் போகிறானாம். கீழப் பக்கத்துப் படியை எந்த வருஷம் கட்டினார்கள், கட்டச் சொன்னது யார் என்று விசாரித்து வைக்கச் சொல்லியிருக்கிறான். நாளைக்கு ஊருக்குப் போகிறேன்.